தோற்கத் துணிந்தவர்களால் ஒன்றான சதுரங்கம்

2020 ஏப்ரல் 11. நாடு முழுவதும் ஊரடங்கு. ஜெர்மனிக்கு ஆடப் போன விஸ்வநாதன் ஆனந்த் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கியிருந்தார். அன்று அவரும் விதித் குஜராத்தி, பெண்டாலா ஹரிகிருஷ்ணா, பி. அதிபன், கோனேரு ஹம்பி, துரோணவல்லி ஹரிகா ஆகியோரும் அவரவர் இருந்த இடத்திலிருந்தே கணினி முன் அமர்ந்து, கட்டணம் செலுத்திய ரசிகர்களோடு இணையத்தில் ஆடினார்கள். திரண்ட சுமார் 4.5 லட்சம் ரூபாய் பிரதமரின் நிவாரண நிதிக்குப் போனது. அதே மாதங்களில் அகில இந்திய செஸ் கூட்டமைப்பு இரண்டாகப் பிளந்து கிடந்தது. தலைவர் பி.ஆர். வெங்கட்ராம ராஜா ஒரு தரப்பு, செயலாளர் பரத் சிங் சௌகான் மறு தரப்பு. எந்தத் தேர்தல் செல்லும், யார் கையெழுத்து செல்லும் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருந்தது.

நாட்டின் தலைசிறந்த ஆறு பேர் ஒரே அணியாக நின்று தானம் திரட்ட முடிகிறது. அவர்களை நிர்வகிக்க வேண்டிய அமைப்பு ஒன்றாக நிற்க முடியவில்லை. இந்த முரணை எடுத்துக்கொண்டு, பிரிந்துபோன ஓர் ஆட்டச் சமூகத்தை உண்மையில் சேர்த்துவைப்பது எது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. நற்பணிக்காக நடத்தும் காட்சி ஆட்டங்கள் அதைச் செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். செஸ்ஸின் கடந்த முப்பது ஆண்டு வரலாறு அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை.

மேலிடத்துப் பிளவு அடிமட்டத்தில் எப்படி வந்து இறங்குகிறது என்பதைப் பார்க்கத் தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஏதாவது ஒரு பள்ளி அரங்கிலோ கல்யாண மண்டபத்திலோ போட்டி நடந்துகொண்டிருக்கும். நீள மேசைகளில் சுருட்டி விரிக்கும் ரெக்சின் பலகைகள், பக்கத்தில் டிஜிட்டல் கடிகாரம். அடுத்த சுற்றில் யாரோடு யார் என்ற பேரிங் தாளைச் சுவரில் ஒட்டியதும் பிள்ளைகள் முண்டியடித்து மேசை எண்ணைத் தேடுவார்கள். கதவு மூடியபின் பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. வெளியே தாழ்வாரத்தில் செய்தித்தாளை விரித்து, சாப்பாட்டுப் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் காவல் காத்தபடி அம்மாக்கள் காத்திருப்பார்கள். பிள்ளை வெளியே வரும்போது நடையைப் பார்த்தே வின்னா, டிராவா, தோல்வியா என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தத் தாழ்வாரத்தில் அதிகம் அடிபடும் பேச்சு ரேட்டிங். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் எண் பிள்ளைக்கு வாங்கியாகிவிட்டதா, மாநிலச் சங்கத்தில் பதிவைப் புதுப்பித்தாயிற்றா, இந்தப் போட்டி ரேட்டிங்குக்கு உரியதா, மாவட்டத் தேர்வு எப்போது என்பவைதான் கேள்விகள். மாவட்டம் என்பதே இந்தப் புறநகரில் நேரான விஷயமில்லை. 2018இல் ஆலந்தூர், சோழிங்கநல்லூர் வட்டங்கள் காஞ்சிபுரத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்குப் போயின. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது தாம்பரமும் பல்லாவரமும் அதனோடு சேர்ந்தன. வேளச்சேரிச் சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி வசிக்கும் இரு நண்பர்களில் ஒருவன் சென்னைப் பிள்ளை, மற்றவன் செங்கல்பட்டுப் பிள்ளை. ஆட்டம் ஒன்றுதான். ஆனால் அந்த ஆட்டம் எந்தப் பதிவேட்டில் ஏறும் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அப்படி முடிவு செய்யும் இடத்தில் இருவர் உட்கார்ந்துகொண்டால் முதலில் அடிபடுவது இந்தத் தாழ்வாரத்தில் காத்திருப்பவர்கள்தான்.

பிளவின் ஆயுதம் எப்போதும் பதிவேடுதான். உலக அளவில் அது 1993இல் வெளிப்பட்டது. உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவும் அவரை எதிர்த்து ஆடவிருந்த நைஜல் ஷார்ட்டும் ஃபிடேயை விட்டு வெளியேறி, தொழில்முறை செஸ் சங்கம் என்ற பெயரில் தனி அமைப்பு கண்டு, லண்டனில் தங்கள் உலகப் பட்டப் போட்டியை ஆடினார்கள். ஃபிடே காஸ்பரோவின் பட்டத்தைப் பறித்தது, முன்னாள் சாம்பியன் கார்ப்போவையும் டிம்மனையும் மோதவிட்டுக் கார்ப்போவைச் சாம்பியன் என்றது. அதோடு நிற்கவில்லை. 1994 ஜனவரி ரேட்டிங் பட்டியலிலிருந்து காஸ்பரோவ், ஷார்ட் இருவர் பெயரையும் எடுத்துவிட்டது. உலகின் மிக வலிமையான ஆட்டக்காரர் தாளில் இல்லாமல் போனார், கார்ப்போவ் முதலிடத்துக்கு வந்தார். புதிய சங்கம் பதிலுக்குத் தன் சொந்த ரேட்டிங் பட்டியலை வெளியிட்டது. பெயர்கள் அதே ஆண்டில் ஃபிடே பட்டியலுக்குத் திரும்பிவிட்டாலும், ஒருவன் பலகையில் உழைத்துச் சேர்த்த எண்ணை நிர்வாகம் ஒரு கோடு போட்டு அழித்துவிடலாம் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

இந்தியாவில் அதே பாடம் சாதாரண ஆட்டக்காரர்கள் தலையில் விழுந்தது. செஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்ற மாற்று அமைப்பு போட்டிகள் நடத்தத் தொடங்கியபோது, தன் அனுமதியில்லாத போட்டிகளில் ஆடமாட்டேன் என்று பதிவின்போதே கூட்டமைப்பு உறுதிமொழி வாங்கியது. மீறிப் போய் ஆடியவர்களுக்குத் தடை. அவர்களின் ஈலோ ரேட்டிங் நீக்கப்பட்டது. 2011இல் நான்கு ஆட்டக்காரர்கள் இதை இந்தியப் போட்டி ஆணையத்துக்கு எடுத்துப் போனார்கள். வழக்கமாக சிமென்ட் ஆலைகளையும் பெருநிறுவனங்களையும் விசாரிக்கும் அந்த ஆணையம் 2018 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது: கூட்டமைப்பு தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறது. 6.92 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. போட்டிகளுக்கு அனுமதி தருவதற்கு வெளிப்படையான நெறிமுறை வேண்டும் என்றது. ஓர் ஆட்டக்காரர் மீது நடவடிக்கை எடுக்குமுன் அவரால் என்ன தீங்கு நேர்ந்தது என்று காட்ட வேண்டும் என்றும், தண்டனை குற்றத்துக்கு அளவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. தொகை பெரிதில்லை, எடுத்துக்கொண்ட காலம் பெரிது. ஏழு ஆண்டு என்பது பத்து வயதில் ஆடத் தொடங்கிய ஒரு பிள்ளை கல்லூரியை எட்டிப் பார்க்கும் காலம்.

உலகப் பிளவின் இரு கரைகளிலும் நின்று ஆடியவர் நம் ஆனந்த். 1994இல் ஹைதராபாத் அருகே சங்கி நகரில் ஃபிடேயின் தகுதிச் சுற்று. எதிரே கட்டா காம்ஸ்கி. இரண்டு புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டு, ரேப்பிட் எனும் வேக ஆட்டங்களில் ஆனந்த் தோற்று வெளியேறினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் லாஸ் பால்மாஸில் மறுபக்கத்து அமைப்பின் தகுதி இறுதியாட்டம். எதிரே அதே காம்ஸ்கி. இம்முறை ஆனந்த் 6.5-4.5 என்று வென்றார். இந்த இரண்டு முடிவும் சேர்ந்து விநோதமான நிலையை உண்டாக்கின. முதல் தொடரில் வென்று முன்னேறிய காம்ஸ்கி 1996இல் எலிஸ்டாவில் கார்ப்போவை எதிர்த்து ஓர் உலகப் பட்டத்துக்கு ஆடினார். இரண்டாவதில் வென்ற ஆனந்த் 1995இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆம் மாடியில் காஸ்பரோவை எதிர்த்து இன்னோர் உலகப் பட்டத்துக்கு ஆடினார். இவர் பெரியவரா, அவர் பெரியவரா என்று கேட்டால் இரண்டு காகிதமும் இரண்டு பதில் சொல்லும். விளையாட்டு என்பதே யார் வென்றார் என்ற கேள்விக்கு ஒரே விடை காண்பதற்காகத்தான். அதையே பிளவு இல்லாமல் செய்துவிட்டது.

அதன்பின் நடந்தது இதைவிடக் கொடுமை. 1997 டிசம்பரில் குரோனிங்கனில் நாக்-அவுட் முறையில் சுற்றுக்குச் சுற்று ஆடி வென்று, ஓரிரு நாள் இடைவெளியில் லோசானுக்குப் போய் அங்கே ஓய்வெடுத்துக் காத்திருந்த கார்ப்போவைச் சந்தித்தார் ஆனந்த். சமநிலைவரை இழுத்துவந்து ரேப்பிடில் தோற்றார். 2000 நவம்பர் இறுதியில் புதுடெல்லியில் தொடங்கி டிசம்பரில் தெஹ்ரானில் முடிந்த ஃபிடே போட்டியில் அலெக்ஸி ஷிரோவை வென்று உலகச் சாம்பியன் ஆனபோது சென்னை கொண்டாடியது. ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் லண்டனில் விளாதிமிர் கிராம்னிக் காஸ்பரோவைத் தோற்கடித்து இன்னோர் உலகச் சாம்பியனாகியிருந்தார். முதல் இந்திய உலகச் சாம்பியன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "ஃபிடே பிரிவு" என்று எழுத வேண்டியிருந்தது. அந்த மனிதர் ஏழு ஆண்டு கழித்து அதே பட்டத்தை மீண்டும் வென்று காட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

சரி, எப்படிச் சேர்ந்தார்கள்? நல்லெண்ணத்தால் அல்ல. 2002 மே மாதம் பிராகில் எல்லாத் தரப்பும் கூடி ஒப்பந்தம் போட்டார்கள். திட்டம் தெளிவானது: இரு பக்கத்து வெற்றியாளர்களும் மோதட்டும், வெல்பவர் ஒரே சாம்பியன். கையெழுத்து ஆயிற்று, ஆட்டம் ஆகவில்லை. ஃபிடே சாம்பியன் பொனமாரியோவுடன் காஸ்பரோவ் ஆடவிருந்த போட்டி நின்றுபோனது. அடுத்த ஃபிடே சாம்பியன் காசிம்ஜானோவுடன் ஆடவிருந்த போட்டியும் நின்றுபோனது. 2005 மார்ச்சில் காஸ்பரோவ் ஓய்வே அறிவித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் பணம், இடம், நிபந்தனை என்று ஒரு காரணம் இருந்தது. என் கணிப்பில் அடியில் இருந்தது ஒரே காரணம்: தோற்றால் தன் பட்டத்துக்கு மதிப்பில்லாமல் போகும் என்ற அச்சம். அந்த அச்சம் தீராதவரை ஒப்பந்தத் தாளால் ஒன்றும் ஆகாது.

கடைசியில் 2006இல் எலிஸ்டாவில் கிராம்னிக்கும் ஃபிடே சாம்பியன் வெசலின் தோப்பலோவும் உட்கார்ந்தார்கள். அந்தப் போட்டியை நேசத்துடன் நினைவுகூர்பவர் யாரும் இல்லை. கிராம்னிக் அடிக்கடி கழிப்பறை போகிறார் என்று தோப்பலோவின் மேலாளர் புகார் கொடுத்தார். மேல்முறையீட்டுக் குழு தனிக் கழிப்பறைகளைப் பூட்டச் சொன்னது. கிராம்னிக் ஐந்தாம் ஆட்டத்துக்கு வர மறுக்க, அது அவருக்குத் தோல்வி என்று எழுதப்பட்டது. அங்கேயே எல்லாம் முறிந்திருக்கலாம். முறியவில்லை. எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு, ஆடாமலே இழந்த அந்தப் புள்ளியைச் சுமந்துகொண்டு கிராம்னிக் ஆறாம் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு ஆட்டம் முடிவில் 6-6. அக்டோபர் 13 அன்று ரேப்பிடில் 2.5-1.5 என்று வென்றார். பதின்மூன்று ஆண்டுப் பிளவு அன்று முடிந்தது. இருவரும் கைகுலுக்காமல் ஆடி முடித்த போட்டி அது. ஆனாலும் முடிவை இருவரும் ஏற்றுக்கொண்டார்கள், உலகமும் ஏற்றுக்கொண்டது.

அதைவிட முக்கியமானது அடுத்த படி. இவ்வளவு பாடுபட்டு ஒன்றாக்கிய பட்டத்தை, 2007 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் எட்டுப் பேர் ஆடும் தொடரில் வெல்பவருக்கு விட்டுக்கொடுக்கக் கிராம்னிக் உடன்பட்டார். பின்னர் ஒரு நேர் மோதல் என்ற உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார். ஆனந்த் தோல்வியே காணாமல் அந்தத் தொடரை வென்றார். 2008 அக்டோபரில் பான் நகரில் கிராம்னிக்கை நேருக்கு நேர் சந்தித்து 6.5-4.5 என்று வென்று, எந்த அடைமொழியும் தேவைப்படாத சாம்பியனானார். பிளவைத் தீர்த்த பெருமையில் பாதி கிராம்னிக்குக்குச் சேரும் என்று நான் நினைக்கிறேன். பட்டம் தன்னிடமே இருந்தால்தான் ஒற்றுமை என்று அவர் சொல்லவில்லை.

இந்த அளவுகோலோடு நற்பணி ஆட்டங்களுக்குத் திரும்பலாம். 2021 மே 13 அன்று, கொரோனாவின் இரண்டாம் அலை நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தபோது, ஆனந்த், ஹம்பி, ஹரிகா, நிஹால் சரின், பிரக்ஞானந்தா ஐவரும் இணையத்தில் ஒரே நேரத்தில் பலரோடு ஆடும் சைமல் நடத்தி சுமார் 50,000 டாலர் திரட்டினார்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்கும், கஷ்டப்படும் செஸ் குடும்பங்களுக்கு உதவக் கூட்டமைப்பு தொடங்கிய திட்டத்துக்கும் அது போனது. போட்டிகள் நின்றுபோய் வருமானமே இல்லாமல் தவித்த பயிற்சியாளர்களும் ஆர்பிட்டர்கள் எனும் நடுவர்களும் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டு அடுப்பு எரிய உதவிய எந்த ஆட்டத்தையும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நகைச்சுவைக் கலைஞர் சமய் ரெய்னா நிவாரண நிதிக்காக நடத்திய நேரலைகள் வழியாகச் செஸ்ஸுக்குள் வந்த இளைஞர்களும் ஏராளம். பணமும் புதுக் கூட்டமும் வந்தது மெய்.

ஆனால் அடுத்த மாதமே அந்த வடிவத்தின் எல்லை தெரிந்தது. 2021 ஜூன் 13இல் பிரபலங்களோடு ஆனந்த் ஆடிய நற்பணி சைமலில் அமீர் கான் போன்றோருடன் ஜெரோதா நிறுவனத்தின் நிகில் காமத்தும் ஆடினார். ஐந்து முறை உலகச் சாம்பியனான ஒருவரை அவர் வென்றார். மறுநாளே கணினியின் உதவியும் பிறர் உதவியும் பெற்றதாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். பலகையில் இருந்த நிலையைத்தான் தாம் ஆடியதாகவும், எதிரில் ஆடுவோரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆட்டம் நடந்த செஸ் இணையதளம் காமத்தின் கணக்கை மூடி, பிறகு ரேட்டிங் இல்லாத ஆட்டம்தானே என்று திறந்தும் விட்டது.

அந்தக் கடைசிக் காரணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. காட்சி ஆட்டத்தில் முடிவு எங்கும் பதிவாவதில்லை. தோற்றவர் எதையும் இழப்பதில்லை, வென்றவருக்கு ஒன்றும் கூடுவதில்லை. அதனால்தான் பகையாளிகள்கூட அங்கே ஒரே மேடையில் சிரித்தபடி நிற்க முடிகிறது. பிளவு தீர வேண்டுமானால் யாரோ ஒருவர் எதையோ இழக்க வேண்டும், இழந்த பிறகும் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நற்பணி ஆட்டம் நடத்தியும் சேராத குழுக்கள் சேராததற்கு, அவர்களிடம் அன்பு இல்லாதது காரணமல்ல. இழப்பதற்கான ஓர் இடத்தை அவர்கள் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.

இந்தியக் கூட்டமைப்புக்கு அந்த இடம் 2021 ஜனவரி 4 அன்று வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைத் தேர்தல் அலுவலராகக் கொண்டு இணையவழித் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்குப் பதிவான 64 வாக்குகளில் சௌகான் தரப்பின் சஞ்சய் கபூர் 33, வெங்கட்ராம ராஜா 31. ஒரே ஒருவர் மாற்றிப் போட்டிருந்தால் சமநிலை. அத்தனை நெருக்கத்தில் தோற்றும் புதிய போட்டி அமைப்பு எதுவும் எழவில்லை. அதற்குமுன் ஓராண்டாக இந்தப் பூசலின் நடுவேதான் ஆட்டக்காரர்கள் வேலையைப் பார்த்தார்கள். 2020 ஆகஸ்டில் இணைய ஒலிம்பியாடில் இந்தியா ரஷ்யாவுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது. டிசம்பரில் அந்தப் பதக்கங்கள் வந்து சேர்ந்தபோது அணியின் துணைத் தலைவரான சென்னைக்காரர் ஸ்ரீநாத் நாராயணன் சுங்கவரியாக 6,300 ரூபாயைத் தன் கையிலிருந்து கட்டி வாங்கினார்.

தேர்தலோடு சண்டை முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். உக்ரைன் போரால் ரஷ்யாவிடமிருந்து பறிபோன 44ஆவது ஒலிம்பியாட் சென்னைக்குக் கிடைத்து, மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் அரங்கு எழும்பிக்கொண்டிருந்த 2022 ஜூனில், செயலாளர் சௌகானின் தேர்வு செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஒலிம்பியாட் முடியும்வரை, ஆகஸ்ட் 15 வரைக்கும், அவர் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. இம்முறை பிணக்கு நீதிமன்றத்துக்குள்ளேயே நின்றது. பலகைகளை அது தொடவில்லை. ஜூலை 28 அன்று தொடக்க விழா நடந்தது. மறுநாளிலிருந்து தாம்பரம், கேளம்பாக்கம் வழியாகப் பள்ளிப் பேருந்துகள் பூஞ்சேரிக்குப் பிள்ளைகளைச் சுமந்து போயின. ஆர்.பி. ரமேஷ் பயிற்றுவித்த இளம் இந்திய 'பி' அணியும் பெண்கள் 'ஏ' அணியும் வெண்கலம் வென்றன. அந்த நாட்களிலேயே ஆனந்த் ஃபிடேயின் துணைத் தலைவராகத் தேர்வானார். ஒருகாலத்தில் அதன் போட்டியிலும் அதன் எதிரணிப் போட்டியிலும் ஆடியவர் அவர்.

உலக அரங்கில் பூசல் திரும்பவும் தலைகாட்டத்தான் செய்கிறது. 2025 தொடக்கத்தில் ஃப்ரீஸ்டைல் செஸ் தொடரின் அமைப்பாளர்களுக்கும் ஃபிடேக்கும் 'உலகச் சாம்பியன்' என்ற பட்டப்பெயரை யார் பயன்படுத்தலாம் என்று மோதல் வந்தது. அதில் ஆட்டக்காரர்களிடம் ஃபிடே கையெழுத்துக் கேட்ட ஆவணம், 2011 வழக்கில் பேசப்பட்ட உறுதிமொழியை நினைவுபடுத்தியது.

தென்புறநகரிலும் பயிற்சி மையங்களுக்கிடையே, சங்கங்களுக்கிடையே பிணக்கு வராமல் இருக்காது. மாவட்டக் கோடு நகரும்போதெல்லாம் புதிதாக ஒன்று கிளம்பும். அப்போது இரு தரப்பும் சேர்ந்து ஒரு நற்பணி சைமல் நடத்தினால் நடத்தட்டும், உண்டியல் நிறையட்டும். ஆனால் அதே நாளில், அதே மேசையில் இன்னும் சில காரியங்களை எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த தொடருக்கு ஆர்பிட்டர்கள் இரு தரப்பிலிருந்தும் வர வேண்டும். மறுபக்கத்துப் போட்டியில் ஆடிய எந்தப் பிள்ளைக்கும் தடை கிடையாது, ஏற்கெனவே விதித்தவை ரத்து. தேர்வுப் போட்டி ஒன்றே ஒன்று, அதில் எவன் பிள்ளை தோற்றாலும் அந்தப் பட்டியலே மாநிலத்துக்குப் போகும். நிதிக் கணக்கு அறிவிப்புப் பலகையில் பேரிங் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டப்படும். இவற்றில் கையெழுத்துப் போட ஒரு தரப்புக்குத் தயக்கம் இருந்தால், காட்சி ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அந்தத் தயக்கத்தைப் பேசித் தீர்ப்பதே முறை.